அர்ப்பணிக்க வந்தவர் ‘அர்ப்பணிக்க முடியாது’ என்றார்: கெட்டிஸ்பர்க் உரை, ஒரு நிகழ்வு ஆய்வு

பேச்சு எழுதக் கற்றுக்கொடுக்கும் இடங்களில் ஆபிரகாம் லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரை தவறாமல் வந்துவிடும். அதிலிருந்து எடுக்கும் பாடமும் பெரும்பாலும் ஒன்றுதான்: சுருக்கமாகப் பேசு. இரண்டு மணி நேரம் பேசியவரை உலகம் மறந்துவிட்டது, இரண்டு நிமிடம் பேசியவரை மறக்கவில்லை என்று முடித்துவிடுவார்கள். இது பாதிப் பாடம், அதிலும் ஆபத்தான பாதி. இரண்டே நிமிடம் பேசி, கேட்டவர் மனத்தில் ஒரு சொல்லும் ஒட்டாமல் போன பேச்சுகள் எத்தனையோ உண்டு. தனக்குக் கொடுத்த வேலையை லிங்கன் எப்படிப் படித்துக்கொண்டார், பேச்சை எந்த இடத்தில் திருப்பினார் என்று பார்த்தால்தான் பேச்சு எழுதுகிறவருக்கு அதில் ஏதாவது கிடைக்கும்.

கொடுத்த வேலை

அமெரிக்காவின் வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போரில், 1863 ஜூலை 1 முதல் 3 வரை பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் நடந்த சண்டையில் இரு தரப்பிலுமாக ஏறத்தாழ 50,000 பேர் இறந்தோ காயம்பட்டோ பிடிபட்டோ காணாமலோ போனார்கள். அவசர அவசரமாக ஆங்காங்கே புதைத்த வடதரப்பு வீரர்களை முறையாக மறு அடக்கம் செய்ய அங்கே ஒரு கல்லறை நிலம் வாங்கப்பட்டது. ஏற்பாட்டைக் கவனித்தவர் டேவிட் வில்ஸ் என்ற உள்ளூர் வழக்கறிஞர். தொடக்க விழாவின் முதன்மைப் பேச்சாளர் எட்வர்ட் எவரெட்: மாசச்சூசெட்ஸ் ஆளுநர், ஹார்வர்டின் தலைவர், வெளியுறவுச் செயலர், செனட்டர் எல்லாமாக இருந்தவர், அன்றைய அமெரிக்காவின் பெரிய சொற்பொழிவாளர். விழாவுக்கு முதலில் குறித்த நாள் அக்டோபர் 23. தயாரிக்க அந்த நாள்கள் போதாது என்று எவரெட் சொன்னதால்தான் அது நவம்பர் 19-க்குத் தள்ளிப்போனது.

லிங்கனுக்கு முறையான அழைப்பு எழுதப்பட்டது நவம்பர் 2 அன்று. அதில் இருந்த வேண்டுகோள் துல்லியமானது. சொற்பொழிவு முடிந்த பிறகு, நாட்டின் தலைவர் என்ற முறையில், இந்த நிலத்தை அதன் புனிதப் பயனுக்கென முறைப்படி ஒதுக்கிவைத்து, பொருத்தமான சில சொற்கள் பேச வேண்டும்.

பேச்சு எழுத உட்காருகிறவர் முதலில் தேட வேண்டிய மூன்று செய்திகள் இந்த ஒரு வேண்டுகோளுக்குள் இருக்கின்றன. எனக்கு முன்னால் யார், என்ன பேசப்போகிறார்? எனக்கு எவ்வளவு இடம்? என்னிடம் கேட்கும் வினைச்சொல் எது? மூன்றாவதைத்தான் பலர் கேட்பதேயில்லை. அழைக்கிறவர்கள் ‘வந்து நாலு வார்த்தை பேசுங்கள்’ என்றுதான் சொல்வார்கள். அந்த நாலு வார்த்தை திறந்துவைக்கவா, நன்றி சொல்லவா, விடைகொடுக்கவா, சம்மதம் வாங்கவா என்று கேட்டுத் தெளிந்துகொள்வது பேச்சாளரின் பொறுப்பு. லிங்கனுக்குக் கிடைத்த வினை ‘நிலத்தை அர்ப்பணித்தல்’. அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இரண்டு மணி நேரம் செய்த வேலை

எவரெட்டை இந்தக் கதையின் கோமாளியாக்குவது நியாயமில்லை. 13,000 சொற்களுக்கு மேல் நீண்ட உரையை அவர் மனப்பாடமாகவே பேசினார். வீரர்களை அடக்கம் செய்யும்போது பழைய ஏதென்ஸ் மக்கள் என்ன செய்தார்கள் என்பதில் தொடங்கி, மூன்று நாள் சண்டையையும் நாள்வாரியாக விவரித்து, போருக்கான காரணத்தை வாதிட்டார். அந்தக் காலத்தில் பெருஞ்சொற்பொழிவு என்றால் அந்த நீளம்தான். வந்திருந்த ஏறத்தாழ 15,000 பேரும் அதற்காகத்தான் வந்தார்கள்.

அவர் அதையெல்லாம் சொல்லி முடித்ததால்தான் லிங்கன் எதையும் விவரிக்க வேண்டியிருக்கவில்லை. சண்டை எப்படி நடந்தது, யார் தலைமை தாங்கினார், எத்தனை பேர் மாண்டார்கள் என்பதெல்லாம் கேட்டவர் காதில் அப்போதுதான் விழுந்திருந்தது. லிங்கன் உரையில் கெட்டிஸ்பர்க் என்ற பெயர் இல்லை, ஒரு தளபதியின் பெயர் இல்லை, எதிர்த்தரப்பைப் பற்றி ஒரு வசவு இல்லை, ‘நான்’ என்ற சொல்கூட இல்லை. இவ்வளவையும் விட முடிந்ததற்கு அவருடைய கட்டுப்பாடு ஒரு காரணம், முன்னால் பேசியவரின் உழைப்பு இன்னொரு காரணம். விவரம் சொல்ல வேறு யாருமே இல்லாத மேடையில் இதே இரண்டு நிமிடத்தை நகலெடுப்பவர், அடித்தளமில்லாத வீட்டுக்குக் கூரை போடுகிறார்.

நான்கு மாதம் ஊறிய ஒரு வரி

ரயிலில் போகும்போது ஓர் உறையின் பின்பக்கத்தில் கிறுக்கினார் என்ற கதையை விட்டுவிடலாம். முதல் கையெழுத்துப் படியின் முதல் பக்கம் அதிபர் மாளிகையின் தலைப்பு அச்சிட்ட தாளில், மையில் எழுதப்பட்டது. அதைவிட முக்கியமான சாட்சி ஜூலை 7 அன்று கிடைக்கிறது. வெற்றிச் செய்தி கேட்டு வாத்தியங்களோடு மாளிகை வாசலில் திரண்ட கூட்டத்திடம் லிங்கன் முன்தயாரிப்பு இல்லாமல் பேசினார். ‘எவ்வளவு காலமிருக்கும்? எண்பது சொச்சம் ஆண்டு’ என்று தொடங்கி, எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என ஒரு நாடு அறிவித்த ஜூலை 4-ஐ நினைவூட்டினார். பிறகு, இது ஒரு பேச்சுக்கு உரிய பெரிய பொருள், அதற்குத் தகுந்த பேச்சைப் பேச நான் இப்போது தயாராக இல்லை என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

அந்த ‘எண்பது சொச்சம்’ நான்கு மாதத்தில், கெட்டிஸ்பர்க் உரையின் முதல் சொற்களாக, ‘நான்கு இருபதும் ஏழும்’ ஆனது. விடுதலை அறிவிப்பு வந்த 1776-லிருந்து 1863 வரை 87. எண் துல்லியமானது ஒரு பக்கம். வயதை இருபது இருபதாக எண்ணும் விவிலிய நடை, கேட்ட காதுக்கு வீட்டில் தினமும் கேட்ட ஓசையாக இருந்தது இன்னொரு பக்கம். வாய்தவறி வந்த ஒரு நல்ல கருத்தைக் குறித்துவைத்து, ஊறவிட்டு, அதற்குரிய ஓசையைத் தேடுவது இப்படித்தான். பேச்சுக்கு நாள் குறித்த பிறகு கருத்தைத் தேட ஆரம்பித்தால் கிடைப்பது எல்லோரும் சொல்வதாகத்தான் இருக்கும். பேச வேண்டியிருக்கும் என்று தெரிந்த நாளிலிருந்தே ஒரு தாளில் அரைகுறை வரிகளைச் சேர்த்துவாருங்கள். எழுத உட்காரும்போது அதில் பத்தில் ஒன்று தேறும்.

சொற்கணக்கு

இந்த உரைக்குக் கையெழுத்துப் படிகள் ஐந்து. கடைசிப் படியின்படி ஆங்கில மூலத்தில் பத்து வாக்கியங்கள், ஏறத்தாழ 270 சொற்கள். அவற்றை அவை செய்யும் வேலைப்படி பிரித்து எண்ணினால் கிடைக்கும் விகிதம் பல பேச்சாளர்களைத் திடுக்கிட வைக்கும்.

கடந்த காலம்: ஒரே வாக்கியம், 30 சொல். நாடு எந்தக் கொள்கைக்காகப் பிறந்தது என்பது மட்டும். நிகழ்காலம்: நான்கு வாக்கியம், 72 சொல். போர் நடக்கிறது, போர்க்களத்தில் நிற்கிறோம், ஒரு பகுதியை அர்ப்பணிக்க வந்திருக்கிறோம், அப்படிச் செய்வது முறைதான். திருப்பம்: மூன்று வாக்கியம், 61 சொல். எதிர்காலம்: இரண்டே வாக்கியம், ஆனால் 108 சொல்.

அதாவது வரலாற்றுக்குப் பத்தில் ஒரு பங்கு, இனி செய்ய வேண்டியதற்குப் பத்தில் நான்கு. நாம் கேட்கும் பேச்சுகளில் இந்த விகிதம் பெரும்பாலும் தலைகீழாக இருக்கும். அமைப்பு உருவான வரலாறும், பங்கேற்றோர் வரிசையும், தலைப்பைப் பற்றிய பொது விளக்கமும் முக்கால்வாசி நேரத்தைத் தின்றுவிடும். ‘ஆகவே நாம் அனைவரும்’ என்று பேச்சாளர் திரும்பும்போது கடைசி நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும். காரணம் எளிது. எழுதும்போது முதலிலிருந்து எழுதுகிறோம், தெரிந்த பகுதி வரலாறு, அதனால் அது வீங்குகிறது. மருந்தும் எளிது: திருப்பத்தை முதலில் எழுதுங்கள், அடுத்து முடிவுப் பகுதியை, பிறகு நிகழ்காலத்தை, கடைசியாகத் தொடக்கத்தை. தொடக்கத்துக்கு மிச்சமிருக்கும் இடம்தான் அதற்குரிய இடம்.

திருப்பம்

இனி அந்த 61 சொல்லுக்கு வருவோம். கூட்டம் கூடியது நிலத்தை அர்ப்பணிக்க. அழைப்பில் இருந்த வினையும் அதுதான். லிங்கன் சொன்னது: ‘ஆனால் பெரிய பொருளில் பார்த்தால், இந்த நிலத்தை நம்மால் அர்ப்பணிக்க முடியாது, தூய்மைப்படுத்த முடியாது, புனிதமாக்க முடியாது.’ இங்கே போராடியவர்கள் அதை ஏற்கெனவே செய்துவிட்டார்கள், அதில் கூட்டவோ குறைக்கவோ நமக்குச் சக்தி இல்லை என்கிறார். தன்னிடம் கேட்ட ஒரே காரியத்தை மறுக்கிறார். மறுத்துவிட்டு, அதே வினைச்சொல்லை எடுத்துக் கேட்பவர் பக்கம் திருப்புகிறார்: அர்ப்பணிக்கப்பட வேண்டியவர்கள் உயிரோடிருக்கும் நாம்தான், முடியாமல் நிற்கும் வேலைக்கு.

‘அர்ப்பணி’ என்ற வினை வெவ்வேறு உருவத்தில் ஆறு முறை வருகிறது. முதல் இரண்டில் நாடு ஒரு கொள்கைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அடுத்த இரண்டில் நிலம். கடைசி இரண்டில் நாம். ஒரே சொல் மூன்று பொருள்களைக் கடந்து கேட்பவர் மடியில் வந்து விழுகிறது. ஒரு சொல்லைத் திரும்பச் சொல்வது வேறு, நடத்திச் செல்வது வேறு. மேடையில் கேட்கும் பெரும்பாலான அடுக்குமொழிகள் முதல் வகை. சொல் மறுபடி வரும்போது பொருள் ஓர் அடியாவது நகரவில்லை என்றால் அது வெறும் சத்தம்.

முதல் கையெழுத்துப் படியிலும் இந்த இடத்தில்தான் அடித்தல் இருக்கிறது. மையில் எழுதிய முதல் பக்கத்தின் கடைசி வரியில், உயிரோடிருக்கும் நாம் ‘இங்கே நிற்பது’ பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்திருக்கிறார். அந்தச் சொற்களை அடித்துவிட்டுப் பென்சிலால் ‘அர்ப்பணி’ என்ற வினையை நுழைத்திருக்கிறார். அந்த ஒரு திருத்தம்தான் உரையின் முன்பாதியையும் பின்பாதியையும் ஒரே கயிற்றில் கட்டுகிறது.

மறுப்புக்கு முன்னால் ஒரு சின்ன வாக்கியம் இருப்பதைக் கவனிக்கத் தவறிவிடுவார்கள். ‘நாம் இதைச் செய்வது முற்றிலும் பொருத்தமே, முறையே.’ ஆங்கிலத்தில் பதினோரு சொல். அழகில்லாத, அலுவலக வாடை அடிக்கும் வாக்கியம். அதை எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். ‘நம்மால் முடியாது’ என்பது விழா ஏற்பாட்டாளர்களை மட்டம் தட்டுவதுபோல் ஒலிக்கும். முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு மறுத்ததால்தான் மறுப்பு பணிவாகக் கேட்கிறது. ‘புரட்சிகரமாக’ ஆரம்பிக்க ஆசைப்படும் பேச்சுகள் சறுக்குவது இந்தப் பதினோரு சொல்லைச் சேமிக்கப் போய்த்தான்.

தமிழில் செய்யும்போது

கடைசி வாக்கியம் மட்டும் மூலத்தில் 82 சொல். இரண்டு நிமிடப் பேச்சில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஒரே வாக்கியம். இதைப் பார்த்து நீண்ட வாக்கியம் எழுதலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஆங்கிலத்தில் வினை முன்னால் வந்துவிடும், தொங்கும் பகுதிகள் அதன் பின்னால் ஒவ்வொன்றாகச் சேரும். கேட்பவருக்கு எந்த இடத்திலும் சுமை இல்லை. தமிழில் வினை கடைசியில் வரும். ‘இவர்கள் சாவு வீண்போகக் கூடாது என்றும், இந்த நாடு விடுதலையில் மறுபடி பிறக்க வேண்டும் என்றும், மக்களாட்சி மண்ணிலிருந்து மறையக் கூடாது என்றும் நாம் உறுதி எடுக்க வேண்டும்’ என்று எழுதினால், என்ன செய்யச் சொல்கிறார் என்று தெரியாமலேயே கேட்பவர் மூன்று ‘என்றும்’களைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். மூன்றாவதைக் கேட்கும்போது முதலாவது கீழே விழுந்துவிடும்.

வினையை முன்னால் போட்டு, மற்றவற்றைத் தனித்தனி வாக்கியமாக உடைக்க வேண்டும்: ‘உறுதி எடுப்போம். இவர்கள் சாவு வீண்போகாது. இந்த நாடு விடுதலையில் மறுபடி பிறக்கும். மக்களால், மக்களுக்காக, மக்களே நடத்தும் ஆட்சி இந்த மண்ணைவிட்டு மறையாது.’ போகாது, பிறக்கும், மறையாது. ஒவ்வொரு வினையிலும் மூச்சு விட இடம் கிடைக்கிறது. அந்தப் புகழ்பெற்ற முத்தொடரும் மொழி மாறும்போது ஓசை மாறுகிறது. ஆங்கிலத்தில் ‘மக்கள்’ ஒவ்வொரு தொடரின் முடிவிலும் வந்து இயைபாகிறது, தமிழில் முன்னால் வந்து மோனையாகிறது. தமிழ்க் காதுக்கு மோனைதான் நெருக்கம், ஆகவே இழப்பு எதுவும் இல்லை.

நேரக் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று ஆங்கிலக் கையேடுகள் தரும் கணக்கைத் தமிழுக்குப் போடாதீர்கள். ‘வரவேண்டியிருந்ததால்தான்’ என்பது நமக்கு ஒரு சொல், ஆங்கிலத்தில் அதற்கு நாலைந்து சொல் வேண்டும். ஒரு பக்கத்தை மேடை வேகத்தில், நிறுத்தங்களோடு, எழுந்து நின்று உரக்க வாசித்துக் கடிகாரத்தில் பாருங்கள். அதுதான் உங்கள் அளவு. மனத்துக்குள் வாசித்து அளந்தால் மேடையில் நேரம் கட்டாயம் மீறும். கொடுத்த நேரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு எழுதுவது பாதுகாப்பு. கைதட்டலும் ஒலிவாங்கியைச் சரிசெய்வதும் மிச்சத்தை எடுத்துக்கொள்ளும்.

சின்னப் பேச்சில் பொருத்திப் பார்த்தால்

போரும் கல்லறையும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஒரு நூலகத்தில் புதிய வாசிப்பறை திறக்கிறார்கள், உங்களுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு முன் நூலகப் பொறுப்பாளர் கட்டட அறிக்கை வாசிப்பார், கொடையாளர் பெயர்களைச் சொல்வார். ஆகவே அவை இரண்டும் உங்கள் தாளில் வரக்கூடாது. உங்கள் வினை ‘திறத்தல்’. எழுத வேண்டியது நான்கு நிமிடத்துக்கு, அதாவது 240 நொடிக்கு. கெட்டிஸ்பர்க் விகிதத்தில் பிரித்தால் முன்கதைக்கு 25 நொடி, இன்றைய நிலைக்கு 65, திருப்பத்துக்கு 55, இனி என்ன என்பதற்கு 95.

முன்கதை: இடமில்லாமல் பிள்ளைகள் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தார்கள். இன்றைய நிலை: அறை வந்துவிட்டது, நாற்பது நாற்காலி, நல்ல வெளிச்சம், இதற்கு உழைத்தவர்களைப் பாராட்ட வேண்டியதுதான். திருப்பம்: ‘ஆனால் இந்த அறையை நான் திறந்துவிட்டதாக நினைக்கவில்லை. நான் திறந்தது கதவை. அறையைத் திறக்கப்போவது நாளைக் காலை முதல் புத்தகத்தைக் கையில் எடுக்கும் பிள்ளை.’ இங்கே நிறுத்தினால் இது வெறும் சொல்விளையாட்டு. கைதட்டுவார்கள், வீட்டுக்குப் போவார்கள். மிச்சமுள்ள 95 நொடிதான் இதற்கு விலை கொடுக்கிறது: இந்த வாரத்துக்குள் ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையை அழைத்துவந்து ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். எந்த நேரம் அறை திறந்திருக்கும், யாரிடம் பெயர் சொல்ல வேண்டும், பிள்ளை முதலில் கேட்கும் கேள்வி எதுவாக இருக்கும் என்பது வரை சொல்லலாம். ‘வாசிப்புப் பழக்கத்தை வளர்ப்போம்’ என்று முடித்தால் யார் எதை எப்போது செய்வது என்று யாருக்கும் தெரியாது.

எந்த வினையும் திரும்பிவிடும் என்றும் சொல்ல முடியாது. இரங்கல் கூட்டத்தில் ‘நாம் இரங்க முடியாது’ என்று ஆரம்பிப்பவர் குடும்பத்தின் முகத்தைப் பார்த்தபின் பேச வேண்டும். பரிசளிப்பில் ‘பரிசு கொடுக்க நாங்கள் யார்’ என்பது வெற்றி பெற்றவரின் கணத்தைத் திருடுவது. திருப்பினால் கேட்பவர் கையில் ஒரு வேலை விழுமா என்று பாருங்கள். விழாது என்றால் நேராகவே பேசிவிட்டு இறங்கலாம்.

தாளும் வாயும்

லிங்கனின் படியில் அந்த அடித்தல் விழுந்த இடம் பக்கத்தின் கடைசி வரி என்றோமல்லவா? ‘அர்ப்பணி’ என்ற சொல்லே இரண்டாக உடைந்து, மிச்சம் வேறொரு தாளில், பென்சில் எழுத்தில் தொடர்கிறது. பேச்சின் உச்சமான இடத்தில் தாளைப் புரட்ட வேண்டிய நிலை! இதை மட்டும் அவரிடமிருந்து கற்க வேண்டாம். வாக்கியம் முடியும் இடத்தில் பக்கம் முடியட்டும், அதற்காகத் தாளின் அடியில் நான்கு விரற்கடை வெறுமையாகக் கிடந்தாலும் பரவாயில்லை. தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள், பெரிய எழுத்தில், வரிக்கு ஒரு மூச்சு. பக்க எண் போடுங்கள், தாள்களைப் பின் அடிக்காதீர்கள். திருப்பத்துக்கு முன்னால் ஒரு கோடு கிழித்து வையுங்கள். அங்கே இரண்டு நொடி மௌனம்.

எழுதிய தாளோடு வாய் முழுக்க ஒத்துப்போக வேண்டியதும் இல்லை. கடைசி வாக்கியத்தில் நாட்டைக் குறித்து வரும் ‘கடவுளின் கீழ்’ என்ற தொடர் முதல் இரண்டு படிகளில் இல்லை. அன்று குறிப்பெடுத்த செய்தியாளர்களின் பதிவில் இருக்கிறது, பின்னால் அவர் கைப்பட எழுதிக்கொடுத்த மூன்று படிகளிலும் இருக்கிறது. மேடையில் சேர்ந்த சொல்லாகத்தான் இருக்க வேண்டும். முதுகெலும்பு உறுதியாக இருந்ததால் இரண்டு சொல் கூடியும் வாக்கியம் சாயவில்லை. மேடையில் ஒரு புதிய உவமை தோன்றி, அதைத் துரத்திக்கொண்டு போய்த் திரும்பி வர வழி தெரியாமல் நிற்பவர்களுக்கு, எழுதிய முதுகெலும்பு இல்லை என்று பொருள்.

விழா முடிந்த மறுநாள் எவரெட் லிங்கனுக்கு எழுதினார். இரண்டு நிமிடத்தில் நீங்கள் நெருங்கிய மையக் கருத்தை நான் இரண்டு மணி நேரத்தில் அந்த அளவு நெருங்கியிருந்தால் மகிழ்வேன் என்றார். இந்தக் கடிதத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். லிங்கன் அன்றே எழுதிய பதிலை அவ்வளவாகக் காட்டுவதில்லை. நேற்று நமக்குரிய பங்குகளில், சுருக்கமாகப் பேசியிருந்தால் உங்களை யாரும் மன்னித்திருக்க மாட்டார்கள், நீளமாகப் பேசியிருந்தால் என்னையும் மன்னித்திருக்க மாட்டார்கள் என்று அதில் எழுதியிருந்தார்.